நீளமான ஹெச்டிஎம்ஐ கேபிளா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் வாங்குங்க!

ஆன்லைன் கடையில அந்த 15 மீட்டர் கேபிளைத் தேர்ந்தெடுத்து வெச்சிருக்கீங்கல்ல, அதை அப்படியே விட்டுட்டு வாங்க. இன்னிக்கு ஆர்டர் போட வேண்டாம்.

படம் ஓடிட்டிருக்கும்போதே திரை ரெண்டு வினாடி கறுத்துத் திரும்ப வருது. சில நேரம் வெள்ளைப் புள்ளியா மினுக்குது. சில நேரம் 'நோ சிக்னல்'னு வந்து அப்படியே நின்னுடுது. இந்தக் குறையோட வர்ற தம்பி தங்கச்சிங்க பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க. கோளாறு எங்கேன்னு பார்க்காமலே, இருக்கிறதிலேயே விலை கூடின கேபிளா வாங்கி, ஃபால்ஸ் சீலிங்கைக் கழட்டி, பழசை உருவிப் புதுசை இழுத்து, அதுலயும் திரை கறுத்த பிறகுதான் கேக்க வர்றாங்க. ஆசையா புரொஜெக்டர் வாங்கி மாட்டினது வீட்ல எல்லாரும் சேர்ந்து உக்காந்து படம் பார்க்கத்தானே! சனிக்கிழமை ராத்திரி முழுக்க நீங்க ஏணி மேலயே நிக்கிறதுக்கு இல்லை.

மனசுல ஒண்ணை மட்டும் வெச்சுக்கோங்க. ஹெச்டிஎம்ஐ கேபிள்ல நீளம் கூடக் கூட, அது தாங்கற வேகம் குறையும். 2 மீட்டர்ல சுமாரான கேபிளும் ஒழுங்கா வேலை செய்யும். 10 மீட்டரைத் தொடும்போதுதான் அதோட தரம் வெளியே தெரியும். அதனால வைத்தியம் மூணே வழிதான். சுமையைக் குறைக்கணும். அது போதலைன்னா தூரத்தைக் குறைக்கணும். ரெண்டும் முடியலைன்னாதான் கேபிளோட ரகத்தை மாத்தணும். இந்த வரிசையைத் தயவுசெஞ்சு மாத்தாதீங்க. முதல் வழிக்குக் காசே ஆகாது.

1. எப்படிப் போகுதுன்னு கவனிங்க

"சிக்னல் போகுது"ன்னு மொட்டையா சொன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு சாயங்காலம் உக்காந்து, எப்போ போகுது, எதைப் போட்டா போகுதுன்னு போன்ல குறிச்சுக்கோங்க. பாதி விடை அதுலயே கிடைச்சிடும்.

- திரை முழுக்க வெள்ளைப் புள்ளி மினுக்கினா, கேபிள் தன்னோட எல்லைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். தகவல் அங்கங்கே சிதறுது. இன்னும் கொஞ்சம் சுமை ஏத்தினா முழுசா கறுத்துடும்.
- நல்லா ஓடி, நடுவுல ஒண்ணு ரெண்டு வினாடி கறுத்துத் திரும்பினா, பிழை அதிகமாகி ரெண்டு பக்கமும் தொடர்பை விட்டுட்டு மறுபடி பிடிக்குது. கேபிள் திணறுது, இல்லைன்னா பிளக் எங்கேயோ தளர்ந்திருக்கு.
- சாதாரண சேனல், பழைய படம் எல்லாம் சரியா ஓடி, 4கே ஹெச்டிஆர் போட்டா மட்டும் போனா, சந்தேகமே வேண்டாம். அந்த வேகத்தைக் கேபிளால தாங்க முடியலை.
- மெனு தெரியுது, யூடியூப் ஓடுது, சந்தா கட்டிப் பார்க்கிற ஓடிடி படம் மட்டும் கறுப்புன்னா, அது திருட்டுப் பிரதியைத் தடுக்கிற ஹெச்டிசிபி பூட்டு. நேரா 4-ஆவது குறிப்புக்குப் போங்க.
- மிக்ஸி போட்டா, ஏ.சி. கம்ப்ரசர் கிளம்பினா போகுதுன்னா, கோளாறு கரண்ட் பக்கம். 8-ஐப் படிங்க.
- படம் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை கறுத்தா? அது கோளாறே இல்லை. மெனு வினாடிக்கு 60 ஃப்ரேம்ல இருக்கும், சினிமா 24 ஃப்ரேம்ல வரும். மாறும்போது புரொஜெக்டர் கொஞ்சம் நிதானிச்சுப் புதுசைப் பிடிக்கும். இதுக்காக நல்ல கேபிளை உருவித் தூக்கிப் போட்டவங்க இருக்காங்க. நீங்க அந்தக் கூட்டத்துல சேராதீங்க.

2. சின்னக் கேபிளை வெச்சு ஆளைப் பிடிங்க

பிளேயரைத் தூக்கிட்டுப் போய் புரொஜெக்டர் பக்கத்துல வெச்சு, 2 மீட்டர் கேபிள்ல நேரா சொருகுங்க. ரிசீவர், ஸ்விட்ச், ஸ்பிளிட்டர் எதுவும் நடுவுல வேண்டாம். எந்தப் படத்துல எந்த இடத்துல போச்சோ, அதையே அரை மணி நேரம் ஓட்டுங்க.

இப்பவும் போகுதா? அப்போ உங்க நீளக் கேபிள் நிரபராதி. பிளேயர், புரொஜெக்டர், செட்டிங்ஸ், அந்த ஆப், இதுல ஏதோ ஒண்ணு. போகலையா? அடுத்து ரிசீவரை நடுவுல சேர்த்து, ரெண்டு சின்னக் கேபிளோட பாருங்க. அதுவும் சரியா இருந்தா, குற்றவாளி நீளக் கேபிள்தான், முடிஞ்சது.

ஏணி எடுக்கணுமேன்னு இந்தச் சோதனையைத் தவிர்க்காதீங்க. ஏணி போடறதுக்கு முன்னாடி சீலிங் ஃபேனை நிறுத்துங்க. எல்லாக் கருவிக்கும் சுவர் ஸ்விட்சையே அணைச்சுட்டுத்தான் ஹெச்டிஎம்ஐயைச் சொருகவோ உருவவோ செய்யணும். ஓடும்போதே மாத்தலாம்னுதான் அதை வடிவமைச்சிருக்காங்க, உண்மைதான். ஆனா எர்த் சரியில்லாத வீட்ல, கேபிள் டிவி ஒயரைத் தொட்டாலே சுருக்குன்னு ஷாக் அடிக்கும். அந்த மின்சாரம் ஹெச்டிஎம்ஐ வழியா இறங்கினா போர்ட்டே போயிடும். ஸ்விட்சை அணைக்க அஞ்சு வினாடி ஆகும். போர்டு மாத்த வாரக்கணக்குல அலையணும்.

அப்படியே ஒட்டுகளையும் எண்ணிப் பாருங்க. ரெண்டு சின்னக் கேபிளைச் சேர்க்கிற கப்ளர், சுவர்ல பதிச்ச பிளேட், 'எல்' மாதிரி வளைஞ்ச அடாப்டர், ஒவ்வொண்ணுமே சிக்னல்ல கொஞ்சம் தின்னும். முடிஞ்ச வரைக்கும் எடுத்துட்டு ஒரே கேபிளா ஓட்டுங்க. 5 மீட்டரும் 5 மீட்டரும் ஒட்டினா 10 மீட்டர் கேபிள் ஆகிடாது, அதைவிட மோசமாத்தான் ஆகும்.

இன்னொண்ணு, ஹெச்டிஎம்ஐ பிளக்குக்குப் பூட்டு கிடையாது. மேலேயிருந்து தொங்குற கனமான கேபிள், தன் எடையாலயே மெல்ல மெல்லக் கீழே இழுக்கும். பிளக்குக்கு அரை அடி தள்ளி ஒரு கேபிள் டை போட்டு, எடையைத் தாங்குற மாதிரி புரொஜெக்டர் ஸ்டாண்டோட கட்டி விடுங்க. பல வீட்ல கதை இதோட முடிஞ்சிடும்.

3. சுமையை இறக்குங்க

இதைத்தான் யாருமே பண்றதில்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்றதும் இதைத்தான்.

எல்லாப் படமும் கேபிளுக்கு ஒரே சுமை இல்லை. 1080பி 60 ஃப்ரேம்ல வினாடிக்குக் கிட்டத்தட்ட 4.5 ஜிகாபிட் ஓடுது. அதே கேபிள்ல 4கே 60 ஃப்ரேம், முழு வண்ணத்தோட அனுப்பினா ஏறக்குறைய 18 ஜிகாபிட். நாலு மடங்கு! ஆனா 4கே சினிமா 24 ஃப்ரேம்தானே? அதை ஹெச்டிஆரோட, வண்ணத் தகவலைக் கொஞ்சம் சுருக்கற 4:2:2 முறையில அனுப்பினா சுமார் 9 ஜிகாபிட்ல அடங்கிடும். 2009-ல வந்த 1.4 காலத்துக் கேபிள்களோட எல்லையே 10.2 ஜிகாபிட். சினிமா பார்க்கிறதுக்கு அதுவே போதும்னு பாருங்க.

அப்புறம் ஏன் திணறுது? உங்க ஸ்ட்ரீமிங் பெட்டி 24 ஃப்ரேம் படத்தையும் 60 ஃப்ரேமா மாத்தி அனுப்பிட்டிருக்கு. தேவையே இல்லாத சுமை அது. அதனால:

- பெட்டியோட டிஸ்பிளே செட்டிங்ஸுக்குப் போய், படத்தோட அசல் ஃப்ரேம் ரேட்டுக்கு மாறுங்கற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. ஆப்பிள் டிவி, ஃபயர் டிவி ரெண்டுலயும் இது இருக்கு. இது ஒண்ணுலயே பல பேருக்குப் படம் நிலைச்சு நின்னுடும். திரையில அசைவும் இயல்பா இருக்கும், அது கூடுதல் லாபம்.
- 60 ஃப்ரேம்ல ஓடற நேரத்துக்கு வண்ணத்தை 4:2:0-ன்னு வைங்க. பயப்படாதீங்க, 4கே புளூ-ரே டிஸ்க்கும் ஓடிடி படமும் உள்ளேயே 4:2:0-லதான் பதிவாகியிருக்கு. நீங்க எதையும் இழக்கப் போறதில்லை. 4:2:2 போட்டா குறையும்னு மட்டும் நினைக்காதீங்க. 4கே 60-ல அதுக்கும் அதே 18 ஜிகாபிட்தான் ஆகும்.
- டிவியா இருந்தா, அந்த இன்புட்டோட அதிவேக அமைப்பைத் தற்காலிகமா அணைச்சுப் பாருங்க. சாம்சங்ல 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில 'டீப் கலர்'னு இருக்கும். சோனியில 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்'டை விட்டுட்டு 'ஸ்டாண்டர்டு' வைக்கணும். ஹெச்டிஆர் போயிடலாம், பரவாயில்லை, இது சோதனைதான். அணைச்சதும் நிலைச்சு நின்னுடுச்சுன்னா கோளாறு வேகத்துலதான்னு உறுதி.
- பிளேஸ்டேஷன் 5 வெச்சிருக்கிற பிள்ளைங்களுக்கு: வீடியோ அவுட்புட் பக்கத்துல 4கே டிரான்ஸ்ஃபர் ரேட்னு ஒண்ணு இருக்கு. ஆட்டோமேட்டிக்ல இருந்து -1, அப்புறம் -2ன்னு இறக்கிப் பாருங்க.
- ஆப்பிள் டிவி 4கே இருந்தா, வீடியோ செட்டிங்ஸ்லயே கேபிளைச் சோதிக்கிற வசதி இருக்கு. சில நிமிஷத்துல சொல்லிடும். வீட்ல இருக்கிற இலவச டெஸ்டர், பயன்படுத்திக்கோங்க.

சில புரொஜெக்டர்கள்ல 'ஈக்யூ லெவல்'னு ஹெச்டிஎம்ஐக்குன்னே ஒரு அமைப்பு இருக்கும். நீளக் கேபிளுக்கு ஏத்தபடி சிக்னலைச் சரிக்கட்டறது அதோட வேலை. மேனுவலைத் தூசு தட்டி எடுத்து, இருக்கான்னு பாருங்க.

4. கரண்ட் போய் வந்த பிறகு 'நோ சிக்னல்'னா

ஹெச்டிஎம்ஐ பிளக்குல 19 பின் இருக்கு. படம் தூக்கிட்டு வர்றது அதுல ஒரு பகுதிதான். மத்ததுல, "நான் இன்ன புரொஜெக்டர், இன்ன ரெசல்யூஷன் எனக்கு வரும்"னு சொல்ற ஒயர், திரை இணைஞ்சிருக்குன்னு காட்டற ஒயர், 5 வோல்ட் ஒயர்னு மெதுவா வேலை செய்யற சின்ன ஒயர்கள் இருக்கு. ரெண்டு பக்கமும் இதுல பேசி முடிச்ச பிறகுதான் படமே கிளம்பும். இதைத்தான் ஹேண்ட்ஷேக்னு சொல்றாங்க. கேபிள் நீளமானா இந்தப் பேச்சும் தடுமாறும்.

கரண்ட் போய் வரும்போது எல்லாக் கருவியும் ஒரே நேரத்துல முழிச்சுக்கிட்டு, யார் முதல்ல பேசறதுன்னு தெரியாம நிக்கும். அப்போ ரிமோட்டைப் போட்டு அமுக்கிட்டே இருக்காதீங்க. எல்லாத்தையும் சுவர்ல அணைச்சு, அஞ்சு நிமிஷம் விட்டு, முதல்ல புரொஜெக்டர், படம் வந்த பிறகு ரிசீவர், கடைசியா பிளேயர்னு ஆன் பண்ணுங்க. வீட்ல மத்தவங்களுக்கும் இந்த வரிசையைச் சொல்லிக் கொடுங்க. சின்னச் சீட்டுல எழுதி ரிசீவர் பக்கத்துல ஒட்டினா இன்னும் நல்லது.

ஒரு ரிமோட்ல எல்லாத்தையும் இயக்கற சிஇசி வசதியை அணைச்சுப் பாருங்க. சாம்சங் அதை எனிநெட் பிளஸ்-னு சொல்லும், எல்ஜி சிம்ப்ளிங்க்-னு சொல்லும், சோனி பிராவியா சிங்க்-னு சொல்லும். மூணு நாலு கருவி சேர்ந்த இடத்துல, ஒண்ணு தூங்கப் போனா இன்னொண்ணை எழுப்பி, இன்புட்டை மாத்திப் படுத்தி எடுக்கும். டிவி சத்தத்தை ஹெச்டிஎம்ஐ வழியாவே அனுப்பற ஏஆர்சியில சவுண்டுபார் ஓடுதுன்னா மட்டும் கொஞ்சம் யோசிச்சு அணைங்க, பல டிவியில அது போனா சத்தமும் போயிடும்.

ஓடிடி மட்டும் கறுப்புன்னு சொன்னவங்களுக்கு: 4கே படத்துக்கு ஹெச்டிசிபி 2.2 வேணும். பிளேயர்ல இருந்து திரை வரைக்கும் வழியில இருக்கிற ஒவ்வொரு பெட்டியிலயும் வேணும். பழைய ரிசீவர் ஒண்ணு, இல்லைன்னா மலிவா வாங்கின ஸ்பிளிட்டர் ஒண்ணு நடுவுல இருந்தாலும் படத்தோட தரம் இறங்கும், இல்லைன்னா திரை கறுக்கும். அதை எடுத்துட்டுப் பாருங்க.

5. கயிறு பிடிச்சு அளங்க, முடிஞ்சா ரிசீவரையே நகர்த்துங்க

"15 அடி ரூம்தானே அக்கா, 5 மீட்டர் போதும்"னு கண்ணால அளக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. ரிசீவர் இருக்கிற கப்போர்டுல இருந்து மூலைக்கு 5 அடி. மூலையில இருந்து மேலே சீலிங்குக்கு 9 அடி. சீலிங் ஓரமா பின்னாடி 14 அடி. அங்கேயிருந்து நடுவுக்கு 6 அடி. கீழே இறங்க 1 அடி. மொத்தம் 35 அடி, அதாவது 10.7 மீட்டர். ரெண்டு முனையிலயும் தளர்வுக்கு ரெண்டு ரெண்டு அடி விடணும். இப்போ 12 மீட்டர் ஆச்சா? கேபிள் போற வழியிலேயே ஒரு கயிறை ஓட்டி, அந்தக் கயிறை அளங்க. ரொம்பக் கூடுதலாவும் வாங்காதீங்க. 20 மீட்டர் வாங்கி 8 மீட்டரைச் சுருட்டி வெச்சா, அந்த 8 மீட்டருக்கும் சேர்த்துத்தான் சிக்னல் ஓடணும்.

இப்போ நல்லா கேளுங்க. ஸ்பீக்கர் ஒயருக்கு இந்தத் தொல்லை எதுவுமே இல்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் 15 மீட்டர் ஓடினாலும் சத்தத்துல நீங்க வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டீங்க. ஹெச்டிஎம்ஐக்கோ 5 மீட்டர் தாண்டினாலே தலைவலி. அப்போ எதை நீட்டணும், எதைச் சுருக்கணும்? ரிசீவரையும் பிளேயரையும் ரூமோட பின்பக்கம், புரொஜெக்டருக்குக் கீழேயோ பக்கத்துச் சுவர் அலமாரியிலயோ வெச்சுடுங்க. ஹெச்டிஎம்ஐ 3 மீட்டர்ல முடிஞ்சுடும். முன்பக்க ஸ்பீக்கருக்கு ஒயரை நீட்டுங்க. திரைக்குக் கீழே விளக்கு மினுக்கற கருவிகளும் இருக்காது, கண்ணுக்கும் நிம்மதி. ரிமோட்டைப் பின்னாடி திருப்பி அமுக்கணுமேன்னு கேப்பீங்க. ஸ்ட்ரீமிங் பெட்டி ரிமோட் பெரும்பாலும் புளூடூத்தான், எந்தப் பக்கம் பிடிச்சாலும் வேலை செய்யும்.

புதுசா ரூம் அமைக்கிறவங்க இதை முதல்லயே முடிவு பண்ணுங்க. எந்தக் கேபிள் வாங்கறதுங்கற கேள்வியே பாதிப் பேருக்கு எழாது.

6. வாங்கியே ஆகணும்னா

முதல்ல, "2.1 கேபிள் குடுங்க"ன்னு கேக்காதீங்க. பதிப்பு எண் கருவிக்குத்தான். கேபிளுக்கு ரகம்தான் உண்டு: ஹை ஸ்பீடு 10.2 ஜிகாபிட், பிரீமியம் ஹை ஸ்பீடு 18, அல்ட்ரா ஹை ஸ்பீடு 48. பிரீமியத்துக்கும் அல்ட்ராவுக்கும் பெட்டி மேல ஸ்கேன் பண்ற சான்று ஸ்டிக்கர் இருக்கும். அது இல்லாம வெறும் "8கே"ன்னு பெரிசா அச்சடிச்சிருந்தா கீழே வெச்சுட்டு வாங்க.

எவ்வளவு தூரத்துக்கு எது? நடைமுறையில நான் சொல்றது இதுதான்:

- 3 மீட்டர் வரைக்கும் சாதாரணச் செப்புக் கேபிள், அல்ட்ரா ரகம். 48 ஜிகாபிட்டுக்கும் கவலை இல்லை.
- 5 மீட்டர் வரைக்கும் செப்புலயே 18 ஜிகாபிட் தைரியமா ஓட்டலாம். 7, 8 மீட்டர்னா கேபிளோட தடிமனைப் பொறுத்தது. 30 கேஜ் மெல்லிசு, 24 கேஜ் தடி. தடிதான் தூரம் போகும், ஆனா வளையாது.
- 10 மீட்டர் தாண்டி 4கேன்னா ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ. யோசிக்கவே வேண்டாம்.
- 1080பி புரொஜெக்டர்தான்னா, 10 மீட்டருக்கு நல்ல செப்புக் கேபிளே போதும். காசை மிச்சம் பண்ணுங்க.

கடையில 'ஆப்டிகல்'னு கேட்டா சவுண்டுபாருக்குப் போடற ஆடியோ ஆப்டிகல் ஒயரை எடுத்து நீட்டுவாங்க. அது வேற. ரெண்டு பக்கமும் ஹெச்டிஎம்ஐ தலை இருக்கணும், உள்ளேதான் கண்ணாடி இழை.

ஆப்டிகலுக்குத் திசை உண்டு. ஒரு முனையில 'சோர்ஸ்', இன்னொண்ணுல 'டிஸ்பிளே'ன்னு அச்சிட்டிருக்கும். மாத்திச் சொருகினா படம் வராது, கேபிள் கெட்டுடுச்சுன்னு திருப்பி அனுப்பிடுவீங்க. உள்ளே இருக்கிற சிப் ஹெச்டிஎம்ஐயோட 5 வோல்ட்லயே இயங்குது, அது குறைஞ்சாலும் படம் விட்டு விட்டுத்தான் வரும். அதனால ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை டிவியோட யூஎஸ்பியில சொருகாம, கூட வந்த அடாப்டர்லயே போடுங்க. கேபிள்ல யூஎஸ்பி வால் இருந்தா அதையும் சொருகுங்க, அலங்காரத்துக்கு வெச்சதில்லை அது. டிவிக்கு ஏஆர்சி வேணும்னா, அந்த ஆப்டிகல் கேபிள் அதை ஆதரிக்குதான்னு பெட்டியில படிச்சுட்டு வாங்குங்க.

சுவர்ல ஏற்கெனவே கேட்-6 ஒயர் ஓடுதுன்னா ஹெச்டிபேஸ்-டி கருவி போடலாம். 100 மீட்டர் வரைக்கும் போகும். ஒயர் சுத்தச் செப்பா இருக்கணும், அலுமினியத்துல செப்பு பூசினது ஆகாது. மலிவான எக்ஸ்டெண்டர்கள் பெரும்பாலும் 1080பியோட நின்னுடும், அதையும் கேட்டுக்கோங்க.

விலை கூடினா படம் பளிச்சுன்னு தெரியும்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. இது டிஜிட்டல். சிக்னல் முழுசா போய்ச் சேர்ந்தா, விலை குறைஞ்ச கேபிள்லயும் விலை கூடின கேபிள்லயும் அதே படம்தான், அதே வண்ணம்தான்.

7. சுவருக்குள்ள போடறதுக்கு முன்னாடி

கேபிள் வந்ததும் பைப்புல நுழைக்காதீங்க! தரையில விரிச்சுப் போட்டு, ரெண்டு முனையையும் மாட்டி, 4கே ஹெச்டிஆர் படம் ஒண்ணை முழுசா ஓடவிடுங்க. திருப்பி அனுப்பற கெடு முடியறதுக்குள்ள இதைச் செய்யணும். உள்ளே போன பிறகு கண்டுபிடிச்சா ரெண்டு வேலை, ரெண்டு செலவு.

எலக்ட்ரீஷியன் தம்பி, லைட் ஒயர் போற பைப்புலயே இடம் இருக்குக்கா, இதையும் விட்டுடறேன்னு சொல்வார். ஒத்துக்காதீங்க. 230 வோல்ட் ஒயரோட ஒரே பைப்புல இது போகவே கூடாது. பாதுகாப்புக்கும் கேடு, சிக்னலுக்கும் கேடு. தனி பைப், ஒரு அடியாவது தள்ளி. எங்கேயாவது குறுக்கே போகணும்னா செங்குத்தா வெட்டிப் போகட்டும், கூடவே சேர்ந்து ஓட வேண்டாம்.

பைப் அளவு ரொம்ப முக்கியம். ஹெச்டிஎம்ஐ தலையே ரெண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். 25 மில்லிமீட்டர் பைப்போட உள்வாய் அதைவிடச் சும்மா இம்மியளவுதான் பெரிசு. நேர்ல நுழையும், முதல் வளைவிலேயே சிக்கும். 40 மில்லிமீட்டர் போடுங்க, 50 போட்டா இன்னும் நிம்மதி. சடக்குன்னு திரும்பற எல்போ வேண்டாம், நீளமா வளையற பெண்ட் வாங்குங்க. ரெண்டு பெண்டுக்கு மேல வந்தா நடுவுல ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைங்க. பைப் ஏற்கெனவே சின்னதா பதிச்சாச்சுன்னா, தலையைக் கழட்டி மாட்டற ஆப்டிகல் கேபிள் கிடைக்குது, அதை வாங்குங்க.

பைப்புக்குள்ள இழுக்கும்போது, ஒயர் இழுக்கிற ஸ்பிரிங்கைக் கேபிளோட தலையில கட்டி இழுக்காதீங்க. கேபிளோட உடம்புல டேப்பால சுத்திக் கட்டி, தலைக்கு மூடி போட்டு இழுக்கணும். ஒருத்தர் தள்ள, ஒருத்தர் இழுக்கணும். ஆப்டிகலை மடக்கக் கூடாது, மிச்சத்தை முறுக்கு சுத்தற மாதிரி இறுக்கிச் சுருட்டக் கூடாது. உள்ளே இழை உடைஞ்சா ஒட்டுப் போட முடியாது, முழுக் கேபிளும் போச்சு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தளர்வா வளையம் விடுங்க.

கேபிள் உள்ளே போகும்போதே கூடவே ஒரு நைலான் கயிறையும் விட்டு வைங்க, அடுத்த கேபிளை அதைக் கட்டித்தான் இழுப்பீங்க. நிச்சயம் இன்னொண்ணு இழுக்க வேண்டி வரும். 2002-ல முதல் ஹெச்டிஎம்ஐ வந்தது, 2013-ல 2.0 வந்தது, 2017-ல 2.1, 2025-ல 2.2 வந்தாச்சு. சுவர் பல வருஷம் இருக்கும், எந்தக் கேபிளும் அத்தனை வருஷம் தாங்காது.

8. மிக்ஸி, எலி, உப்புக்காத்து, இடி

மிக்ஸி போட்டா திரை கறுக்குதுன்னா, முதல்ல பிளக்கைப் பாருங்க. ரிசீவரோ புரொஜெக்டரோ மூணு பின்னோட வந்திருந்தா, ரெண்டு பின் கன்வெர்ட்டர் போட்டு எர்த்தைத் துண்டிச்சிருக்கீங்களா? உடனே கழட்டுங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பாயின்ட்ல எர்த் இருக்கான்னு சோதிக்கச் சொல்லுங்க. எல்லா சினிமாக் கருவியையும் ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருந்து எடுங்க. இது படத்துக்காக மட்டும் சொல்லலை, வீட்ல குழந்தைங்க இருக்காங்க.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல வெறுமனே கேபிளைப் போட்டா எலி கடிக்கும். பைப் இல்லைன்னா வளையற பிளாஸ்டிக் உறையாவது போடுங்க.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம்னு கடலோர வீடுகள்ல பிளக் மேல பச்சை பூக்கும். தங்க முலாம் அங்கேதான் கொஞ்சம் உதவும். அது துருவைத் தடுக்கும், படத்தைக் கூட்டாது. கான்டாக்ட் கிளீனர் அடிச்சுக் காய விட்டுச் சொருகுங்க. உப்புத்தாள் வெச்சுத் தேய்க்கவே கூடாது.

சித்திரை வெயில்ல வர்ற கோடை இடிக்கும், ஐப்பசி அடைமழைக்கும் பிளக்கைக் கழட்டறது மட்டும் போதாது. டிஷ் ஆன்டெனா ஒயரையும் செட்டாப் பாக்ஸ்ல இருந்து கழட்டுங்க. இடி அந்த ஒயர் வழியா செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கேயிருந்து ஹெச்டிஎம்ஐ வழியா ரிசீவர், புரொஜெக்டர்னு வரிசையா போர்ட்டைச் சாகடிக்கும்.

இப்போ வீடு கட்டிட்டு இருக்கிறவங்க யாராவது இதைப் படிக்கிறீங்கன்னா, மத்ததெல்லாம் அப்புறம். ரூஃப் கான்கிரீட்டும் பூச்சு வேலையும் முடியறதுக்குள்ள சைட்டுக்குப் போய், சினிமா ரூமுக்கு 40 மில்லிமீட்டர் பைப் தனியா விட்டிருக்காங்களான்னு உங்க கண்ணால பார்த்துட்டு வாங்க. இல்லைன்னா நாளைக்கே மேஸ்திரிகிட்ட சொல்லிப் போட வைங்க.